பச்சை உடம்புக்கு யார் பொறுப்பு?

(விருத்தாசலத்தில் நடந்த பெண் தொழிலாளர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



பிள்ளை பெற்ற பெண்ணின் உடம்பைப் பற்றிப் பேசலாம் என்று இந்தச் சந்திப்புக்கு முடிவானபோது, ஒரு தோழர் கேட்டிருக்கிறார்: "இதைப் பேச டாக்டரம்மாவை அல்லவா கூப்பிட வேண்டும்? சாதி ஒழிப்புக் கூட்டத்தில் இதற்கு என்ன வேலை?" நியாயமான கேள்விதான். அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், பெயர் சொல்லவில்லை. இந்தப் பேச்சு முழுவதையும் அவருக்கான பதிலாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பீங்கான் ஊர்க்காரர்களுக்கு ஒரு சொல்லை நான் விளக்க வேண்டியதில்லை. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சூளைக்குப் போகாத மண்ணைப் பச்சை என்கிறோம். அதை நிழலில் ஆற வைக்க வேண்டும். ஈரம் மெல்ல வெளியேற வேண்டும். அவசரப்பட்டால் விரிசல் விடும், சூளைக்குள் வெடிக்கும். பிள்ளை பெற்றவளையும் நம் சனங்கள் 'பச்சை உடம்புக்காரி' என்றுதான் சொல்கிறார்கள். ஒரு பொம்மை எத்தனை நாள் உலர வேண்டும் என்று பட்டறையில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அந்தப் பொம்மைக்கு வண்ணம் அடிக்கிற பெண் பிள்ளை பெற்றால் எத்தனை நாள் உலர வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். முதலாளி ஒரு கணக்குச் சொல்வார், மாமியார் ஒரு கணக்குச் சொல்வார், கடன்காரன் ஒரு கணக்குச் சொல்வான்.

உடம்பு சொல்கிற கணக்கு என்ன? பிள்ளை பிறந்த அன்று கருப்பை சுமார் ஒரு கிலோ எடை இருக்கும். அது நூறு கிராமுக்கும் கீழே சுருங்கிப் பழைய இடத்துக்குப் போக ஆறு வாரம் ஆகும். நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடத்தில் உள்ளங்கையைவிட அகலமான ஒரு புண் இருக்கிறது. அது ஆறும் வரை உதிரம் போகும். முதலில் சிவப்பாக, பிறகு பழுப்பாக, கடைசியில் வெளுத்து. வெளியே கையில் அத்தனை பெரிய காயம் இருந்தால் அந்தப் பெண்ணை யாராவது வேலைக்கு அனுப்புவார்களா? உள்ளே இருப்பதால் யார் கண்ணிலும் படவில்லை. அறுவைச் சிகிச்சை என்றால் வயிற்றில் இன்னொரு காயம். தேசியக் குடும்ப நல ஆய்வின் 5ஆவது சுற்றுப்படி (2019–21) தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் அறுவைச் சிகிச்சைதான். தனியார் மருத்துவமனைகளில் நூற்றுக்கு 64. இத்தனை பெண்களின் வயிற்றைக் கிழித்துத் தைத்து அனுப்புகிற மாநிலம், அவர்கள் வீட்டுக்குப் போனபின் குடம் தூக்குகிறார்களா, மண் மூட்டை தூக்குகிறார்களா என்று கேட்பதில்லை.

முடி உதிரும், மூன்று நான்கு மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக வரும், தானாகவே நிற்கும். எண்ணெய்க் கம்பெனிக்காரனுக்குக் காசு கொடுக்காதீர்கள். வயிறு உடனே உள்ளே போகாது. சினிமா நடிகை இரண்டு மாதத்தில் இளைத்துவிட்டாள் என்று போனில் காட்டுகிறார்கள். அவளுக்குச் சமைக்க ஒருவர், பிள்ளை தூக்க ஒருவர், பயிற்சி சொல்ல ஒருவர் என்று ஆள் இருக்கிறது. அந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடுகிறேன். நான் பேச வந்தது, யாரும் பேசாத ஒன்றை.

இருமினால், தும்மினால், அச்சைத் தூக்கினால் சிறுநீர் கசிகிறது. பல பெண்களுக்கு இருக்கிறது. உள்பாவாடையில் துணி மடித்து வைத்துக்கொண்டு வேலைக்கு வருகிறார்கள், நாற்றம் வந்துவிடுமோ என்று தள்ளி உட்காருகிறார்கள், கழிப்பறை இல்லாத இடத்தில் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுகிறார்கள். அதற்கும் மேலே போனால் கருப்பையே கீழே இறங்கும். 'அடி தள்ளிடுச்சு' என்று பெண்கள் காதோடு காதாகச் சொல்லிக்கொள்வது இதைத்தான். பிள்ளை பெற்றதால் மட்டும் இது வருவதில்லை. தளர்ந்த தசை இறுகுவதற்கு முன்னால் பாரம் தூக்கினால் இன்னும் மோசமாகும்.

செங்கல்பட்டுப் பக்கம் 1981இல் தலித் பெண்கள் சேர்ந்து தொடங்கிய கிராமப்புறப் பெண்கள் சமூகக் கல்வி மையம் இருக்கிறது, ரூவ்செக் என்பார்கள். டி.கே.சுந்தரி ரவீந்திரன் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவர்கள் 1990களிலேயே கருப்பை இறக்கத்தோடு வாழ்கிற பெண்களிடம் உட்கார்ந்து பேசி, அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதினார்கள். கூலிக்காரப் பெண்கள், பல ஆண்டுகள் யாரிடமும் சொல்லாமல் சுமந்தவர்கள். ஒரு சாதாரண ஆய்வுபோலத் தெரியும். ஆனால் சேரியில் பிறந்த பெண்ணின் அடிவயிற்றை ஒரு பொது விஷயமாக மேசைமேல் எடுத்து வைத்தது பெரிய வேலை. நம் கூட்டங்களில் வன்கொடுமை பேசுகிறோம், நிலம் பேசுகிறோம், இட ஒதுக்கீடு பேசுகிறோம். இதையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்கிறேன்.

ஏன் சேர்க்க வேண்டும்? பிள்ளை பெற்றவளின் ஓய்வையும் இந்தச் சமூகம் சாதிவாரியாகத்தான் பங்கு வைத்திருக்கிறது. 'தீட்டு' என்று ஒன்றை வைத்தார்கள். நிலமும் வேலையாளும் இருந்த வீட்டில், தீட்டுக்காரி என்று ஒரு அறையில் ஒதுக்கினார்கள். அவமானம்தான், ஆனால் படுக்கக் கிடைத்தது. அவளுக்குப் பிரசவம் பார்த்தவள் யார்? ஊரில் மருத்துவச்சி என்றால் நாவிதர் சாதிப் பெண். அவள் கை வேண்டும், அவளைத் தொட்டால் தீட்டு. உதிரத் துணியை வெளுத்தவள் யார்? வண்ணாத்தி. சேரிக்கு அதற்கும் கீழே ஒரு சாதியை வைத்தார்கள், புதிரை வண்ணார். நம் ஊரில் வாழ்கிற எழுத்தாளர் இமையம் 1994இல் எழுதிய 'கோவேறு கழுதைகள்' நாவலின் ஆரோக்கியம் அப்படி ஒரு வண்ணாத்தி. துணி வெளுப்பதோடு சேரிப் பெண்களுக்குப் பிரசவம் பார்ப்பதும் அவள் வேலைதான். அவள் பிள்ளை பெற்றபோது அவளுக்கு யார் துணி துவைத்தார்கள் என்று யோசித்துக்கொண்டே அந்தப் புத்தகத்தைப் படித்துப் பாருங்கள்.

'தீட்டு என்று சொன்னாலும் அந்தக் காலத்தில் பெண்ணுக்கு ஓய்வு கிடைத்ததே' என்று இப்போது சிலர் பழமைக்கு வக்காலத்து வாங்குகிறார்கள். யாருக்குக் கிடைத்தது? நடவுக்குப் போன பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. சாமி கும்பிடாதே, கிணற்றில் இறங்காதே என்ற விலக்கு அவளுக்கும் இருந்தது. வயலில் இறங்காதே என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

இன்றைக்குச் சட்டம் வந்துவிட்டதே என்பீர்கள். வந்திருக்கிறது. 1961இன் மகப்பேறு நலச் சட்டம், பிள்ளை பெற்ற ஆறு வாரத்துக்கு ஒரு பெண்ணை வேலைக்கு வைக்கவே கூடாது என்றது. 2017இல் ஊதியத்தோடு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தினார்கள். திரும்பி வந்தபின் குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை தர வேண்டும். தமிழ்நாட்டில் அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம் விடுப்பு. நல்லது, அந்தச் சகோதரிகள் நன்றாக இருக்கட்டும். ஆனால் அவர்கள் அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கிற ஒப்பந்தப் பெண்ணுக்கு? பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற பட்டறை அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. ஐந்து பேர், ஆறு பேர் வைத்து நடக்கிற பொம்மைப் பட்டறை, வீட்டுக்குக் கொண்டுபோய் வண்ணம் அடித்துத் தருகிற உருப்படிக் கூலி, முந்திரிக் கொட்டை உடைப்பது, செங்கல் சூளையில் குடும்பத்தோடு முன்பணம் வாங்கிப் போவது, இதிலெல்லாம் யார் இருக்கிறார்கள்? நம் பெண்கள் இருக்கிறார்கள். சட்டத்தின் வாசற்படி எங்கே முடிகிறதோ அங்கேதான் சேரி தொடங்குகிறது.

1928 ஜூலையில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பாபாசாகேப் பேசினார். பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றார். மக்கள் நலன் அரசின் பொறுப்பு, ஆனால் பெண்ணின் உழைப்பால் லாபம் அடைகிற முதலாளியும் கையைக் கழுவ முடியாது என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டே பம்பாயில் சட்டம் வந்தது. பின்னால் வைசிராய் அவையில் தொழிலாளர் துறையை வைத்திருந்தபோது சுரங்கப் பெண்களுக்கான மகப்பேறு சட்டத்தையும் திருத்தினார். அவரை அரசியல் சட்டப் புத்தகத்தோடு மட்டும் சிலையாக நிறுத்திவிட்டோம். அவரும் ரமாபாய் அம்மையாரும் ஐந்து பிள்ளைகள் பெற்று நான்கைப் பறிகொடுத்தவர்கள். எந்த வீட்டிலிருந்து வந்து அவர் அதைப் பேசினார் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, சட்டம் வரும் வரை உடம்பு காத்திருக்காது. நடைமுறைக்கு வருகிறேன்.

முதல் ஆறு வாரம், பிள்ளையின் எடைக்கு மேல் எதையும் தூக்காதீர்கள். தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை, குழம்பு ஊற்றிய அச்சு, எதுவும் வேண்டாம். முடியாத குடும்பம் என்று எனக்குத் தெரியும், அதற்குப் பிறகு வருகிறேன். தண்ணீர் நிறையக் குடியுங்கள். தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று செம்பை ஒளித்து வைக்கிற வீடுகள் இன்னமும் இருக்கின்றன. மலச்சிக்கலும் நீர்க்கடுப்பும்தான் மிச்சம். வயிற்றில் துணி கட்டுவது இதமாக இருந்தால் தளர்வாகக் கட்டிக்கொள்ளுங்கள். இறுக்கிக் கட்டினால் அழுத்தமெல்லாம் கீழே போகும், இறங்கக் கூடாதது இறங்கும். பட்டறையிலிருந்து வந்தால் தூசிச் சேலையை மாற்றி, கை மார்பு கழுவிவிட்டுப் பால் கொடுங்கள். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது.

சாப்பாடு. இந்த மாநிலத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை, 53 சதவீதம் என்கிறது அதே ஆய்வு. மருத்துவமனையில் மாதுளை, பேரீச்சை, பாதாம் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். மாதுளை விலை எழுதியவருக்குத் தெரியும். மாட்டுக்கறி, ஈரல், ரத்தப் பொரியல் என்று எழுதிய ஒரு சீட்டை நான் இதுவரை பார்த்ததில்லை. இரும்புச்சத்து இருக்கிறது, நம் கைக்கு எட்டுகிற விலையில் இருக்கிறது, ஆனால் சீட்டு எழுதுகிற கைக்கு அது உணவாகத் தெரியவில்லை. நீங்கள் கூச்சப்படாமல் சாப்பிடுங்கள். முட்டை, கருவாடு, முருங்கைக்கீரை, கேழ்வரகு எல்லாம் சேருங்கள். சத்து மாத்திரையைப் பிரசவத்தோடு நிறுத்தாதீர்கள், அதற்குப் பின்னும் 180 நாள் போட வேண்டும். டீயோடு போட்டால் உடம்பில் ஒட்டாது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியில் 18,000 ரூபாய் மதிப்புக்கு உதவி வருகிறது. 14,000 பணம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். தேவதாசி மரபில் வந்த ஒரு தாயின் மகள், சட்டமன்றத்துக்குப் போய் அந்த முறையையே ஒழிக்கப் போராடியவர் பெயரில் இருக்கிற பணம் அது. பெரும்பாலும் கணவன் கடனை அடைக்கப் போகிறது. அது உங்கள் உடம்புக்கான கூலி. உங்கள் கணக்கில் வருகிறதா, யார் எடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

எதற்கெல்லாம் காத்திருக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு துணி முழுக்க நனைகிற ரத்தம், துர்நாற்றம், காய்ச்சல், கண் மங்கலோடு தலைவலி, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல் என்று எது வந்தாலும் உடனே 108. முதல் இரண்டு வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வருவது இயல்பு. அதற்கு மேலும் தூக்கம் இல்லை, பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது என்றால் அது நோய். மந்திரிக்கக் கூட்டிப்போகாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். 14416க்கு எந்த நேரமும் பேசலாம், காசு கிடையாது.

ஆண் தோழர்களுக்கு இரண்டு செய்தி. ஆறு வாரம் முடிந்துவிட்டது என்பது உங்களுக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டு அல்ல. பால் கொடுக்கிற காலத்தில் பெண்ணுக்கு உள்ளே வறட்சி இருக்கும், வலிக்கும், விருப்பமும் குறையும். அவள் சரி என்று சொன்னால்தான் சரி. இரண்டாவது, குடும்பக் கட்டுப்பாடு. பெரியார் கர்ப்பத்தடையைப் பற்றி எழுதியபோது, மற்றவர்கள் நாட்டின் வறுமைக்காகவும் தாயின் ஆரோக்கியத்துக்காகவும் அதைக் கேட்கிறார்கள், நாம் கேட்பது பெண் விடுதலைக்காக என்று பிரித்துச் சொன்னார். இன்று என்ன நடக்கிறது? தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 58 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டது ஆயிரத்துக்கு ஒன்று. பிள்ளை பெற்ற காயம் ஆறுவதற்குள் அதே உடம்பில் இன்னொரு கத்தி. ஆணுக்குத் தையல்கூடப் போடாமல் சில நிமிடத்தில் முடிகிற வேலை. பெரியார் படத்தைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டிருக்கிற தோழர்களில் எத்தனை பேர் செய்திருக்கிறீர்கள்? கை தூக்கச் சொல்லவில்லை.

இப்போது, முடியாத குடும்பம் என்றேனே, அதற்கு வருகிறேன். தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு போவது வழக்கம். அம்மா இருக்கிறாள், பூண்டுக் குழம்பு வைப்பாள், வெந்நீர் ஊற்றுவாள், ராத்திரி பிள்ளையை வாங்கிக்கொள்வாள். தாய்வீடே இல்லாதவள் என்ன செய்வாள்? சாதி மறுத்து மணந்த பெண்ணுக்குத் தாய்வீடு ஏது?

இந்தக் கேள்வியை வேறு எந்த ஊரிலும் சாதாரணமாகக் கேட்கலாம். நம் ஊரில் கேட்கும்போது நெஞ்சு அடைக்கிறது. 2003 ஜூலையில் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள புதுக்கூரைப்பேட்டையில் கண்ணகியையும் முருகேசனையும் காதில் விஷம் ஊற்றிக் கொன்றார்கள். கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2021 ஆனது. உச்சநீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது 2025இல். அந்த வழக்கில் நம் தோழர்கள் கடைசி வரை நின்றார்கள். ஆனால் உயிரோடு இருக்கிற இணையர்களை நினைத்துப் பாருங்கள். நாமே முன்னின்று மாலை எடுத்துக் கொடுக்கிறோம், உறுதிமொழி சொல்லவைக்கிறோம், படம் எடுத்துப் போடுகிறோம். பத்து மாதம் கழித்து ஒரு வாடகை அறையில் அந்தப் பெண் தையல் வலியோடு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். புருஷன் சம்பளம் போய்விடும் என்று வேலைக்குப் போயிருக்கிறான். பக்கத்து வீட்டில் சாதி கேட்பார்கள் என்று கதவைச் சாத்தியே வைத்திருக்கிறாள். திருமணத்துக்கு வந்த நாம் ஏழாம் நாள் எங்கே போனோம்? அந்த நேரத்தில் யாராவது ஒருத்தர் ரசம் கொண்டுபோய்க் கொடுத்தால் அதுவும் இயக்க வேலைதான் என்று நான் நினைக்கிறேன். அப்போது யாரும் போகவில்லை என்றால், அவளுடைய சாதி வீடு 'உன்னை யார் பார்த்தார்கள் பார்' என்று சொல்வதற்கு நாமே வழி செய்து கொடுக்கிறோம்.

ஆகவே என் கோரிக்கை இரண்டு பக்கம். அரசிடம் கேட்பது: எத்தனை பேர் வேலை செய்தாலும், வீட்டிலிருந்து செய்தாலும், ஆறு வாரக் கூலி. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் உடற்பயிற்சி மருத்துவர்கள் ஏற்கெனவே வீடு தேடி வருகிறார்கள், முதியவர்களுக்கு வைத்தியம் செய்கிறார்கள். அவர்கள் பிள்ளை பெற்றவளின் வீட்டுக்கும் வரட்டும். பிரான்சில் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு இடுப்புத்தளத் தசைப் பயிற்சி பத்து முறை அரசுக் காப்பீட்டில் கிடைக்கிறது. நமக்கு வண்டியும் ஆளும் தெருவரைக்கும் வந்துவிட்டது, ஒரு உத்தரவு போதும். நல வாரியத்தில் பதியாதவர்கள் இன்றே வெளியில் உள்ள மேசையில் பெயர் கொடுங்கள், உதவி கேட்க முதலில் அட்டை வேண்டும்.

நமக்கு நாமே செய்வது: ஒரு நோட்டு. இந்த ஆண்டு யாருக்கெல்லாம் பிரசவம், யாருக்குத் தாய்வீடு இல்லை, 42 நாளில் எந்த நாள் யார் போவது, யார் தண்ணீர் எடுப்பது, யார் மூத்த பிள்ளையைப் பள்ளியில் விடுவது. ஆண்கள் பெயரும் எழுதப்படும். சமைக்கத் தெரியாது என்றால் குடம் தூக்கத் தெரியும் அல்லவா?

கடைசியாக அந்தத் தசைப் பயிற்சியை இங்கேயே செய்து பார்த்துவிடலாம், பேச்சாகக் கேட்டால் மறந்துபோகும். காற்று வருவதை அடக்குகிற மாதிரி, சிறுநீரை நிறுத்துகிற மாதிரி உள்ளே இறுக்குங்கள். வயிற்றையும் தொடையையும் இறுக்க வேண்டாம். மூச்சை அடக்காதீர்கள். ஐந்து வரை எண்ணி விடுங்கள், ஐந்து எண்ணும் வரை தளர்த்துங்கள். அப்படிப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. வண்ணம் அடித்துக்கொண்டே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. சிறுநீர் கழிக்கும்போது மட்டும் செய்யாதீர்கள். மூன்று மாதம் விடாமல் செய்தால் மாற்றம் தெரியும். ஏதோ கீழே இறங்குகிற மாதிரி இருந்தால் பயிற்சியை நம்பி இருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள், கூட வர ஆள் வேண்டும் என்றால் அதற்கும் நோட்டில் பெயர் இருக்கிறது.

பாய் விரித்திருக்கிறார்கள். கைப்பிள்ளைக்காரிகள் முன்னால் வாருங்கள். பின்னால் நிற்கிற தோழர்கள் வந்து பிள்ளைகளை வாங்கிக்கொள்ளுங்கள்.